மிளகாய்க்கு வடிவம் பிறந்த கதை

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், குமுளிக்கும் போடிமெட்டுக்கும் இடைப்பட்ட மலைக் கிராமங்களில், காந்தாரி மிளகாய்க்கென்று பெரும்பாலும் யாரும் பாத்தி கட்டுவதில்லை. ஏலத்தோட்டத்து வேலியோரம், காப்பிச் செடியின் அடி, வீட்டுக் கொல்லையில் கழுநீர் ஓடும் இடம் என்று அது தானாகவே முளைத்து வருகிறது. இடுப்பளவுச் செடி. காய் விரல் நகத்தைவிடச் சற்றே நீளம். அந்தச் செடியில் எந்தக் காயும் தொங்குவதில்லை. இலைகளுக்கு மேலே, நுனி வானத்தைப் பார்க்க, எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன. கப்பைக்கிழங்கு அடுப்பில் வேகும்போது நாலைந்து காயைக் கிள்ளி வந்து, சின்ன வெங்காயமும் உப்பும் வைத்து நசுக்கி, தேங்காயெண்ணெய் ஊற்றினால் அன்றைய சம்மந்தி தயார்.

மலையிறங்கிக் கம்பம் சந்தைக்கோ போடி சந்தைக்கோ போனால் மிளகாயின் உருவமே வேறு. குழம்புப் பொடிக்குச் சம்பா, தாளிப்புக்குக் குண்டு, சாயங்காலக் கடைகளுக்குச் சாண் நீளப் பஜ்ஜி மிளகாய், அதற்குப் பக்கத்தில் கைப்பிடி அளவுக் குடைமிளகாய். வடக்கே வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழைந்தால், தயிரில் ஊறி வெயிலில் வற்றிய கொண்டாட்ட மிளகாய். சந்தையில் வைத்திருக்கும் இத்தனை உருவங்களும் கேப்சிகம் ஆனுவம் என்ற ஒரே இனத்துக்குள் அடங்கும். காந்தாரி மட்டும் அதன் உடன்பிறப்பு இனமான கேப்சிகம் ஃப்ரூட்டசென்ஸ். காய் பட்டாணி அளவிலிருந்து கைமுட்டி அளவு வரை, உருண்டையிலிருந்து ஊசி வரை போகும் ஒரு செடியை நம் காய்கறித் தோட்டத்தில் வேறு எங்கும் நான் கண்டதில்லை. கத்தரிக்காய் ஓரளவு பக்கத்தில் வரும், அவ்வளவுதான். இந்த உருவங்கள் எல்லாம் எங்கே பிறந்தன, எது அவற்றைப் பிறப்பித்தது என்பதற்கான விடையின் பெரும்பகுதி கடந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் கிடைத்ததுதான்.

மிளகாயின் பூர்விகம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. அங்கிருந்து வடக்கே மெக்சிகோ வரை காட்டு மிளகாய்கள் பரவின. மனிதக் கை படாத காட்டு மிளகாய் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இன்றும் வழி இருக்கிறது. மெக்சிகோவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் சில்டெபின் என்ற காட்டுச் செடி முள்மரங்களின் நிழலில் வளர்கிறது. பட்டாணி போன்ற உருண்டைக் காய், அல்லது சிறு முட்டை வடிவம். நிமிர்ந்து நிற்கும், பழுத்தால் சிவக்கும், தொட்டால் காம்பை விட்டுக் கையோடு வந்துவிடும். இந்த நான்கு குணமும் ஒரே தேவைக்காக அமைந்தவை. பறவையின் கண்ணில் பட வேண்டும், அதன் அலகுக்குள் அடங்க வேண்டும், இழுத்ததும் வந்துவிட வேண்டும்.

காரம் அதற்குப் பிறகான காவல். 2001இல் டியூக்ஸ்பரி, நபான் என்ற இரு ஆய்வாளர்கள் அரிசோனாவில் இதைச் சோதித்து எழுதினார்கள். எலி போன்ற பாலூட்டிகள் மென்று விழுங்கிய மிளகாய் விதை முளைக்கவில்லை, பறவையின் வயிற்றைக் கடந்து வந்த விதை முளைத்தது. ஆகவே பாலூட்டியை விரட்டவும் பறவையைத் தடுக்காமல் விடவும் செடிக்குக் கேப்சைசின் என்ற ஒரே காரப்பொருள் போதுமாக இருந்தது. நம் நாக்கில் கேப்சைசினை உணரும் புரதத்தை 1997இல் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ். அதற்காக 2021இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பறவைகளிடமும் அந்தப் புரதம் உண்டு. ஆனால் அது கேப்சைசினுக்கு அசைவதில்லை என்று 2002இல் அவருடைய ஆய்வகமே காட்டியது. காந்தாரியைக் கொத்தித் தின்னும் சின்னான் குருவி நீர் தேடி ஓடாததன் காரணம் இதுதான்.

ஆக, இடுக்கியின் வேலியோரத்தில் நிற்பது ஏறக்குறைய அந்த முதல் உருவம். காந்தாரியின் பூர்விகமும் அமெரிக்கக் கண்டமே. இந்த மலைக்கு அது வந்து ஐந்நூறு ஆண்டுகளுக்குள்தான் இருக்கும். ஆனால் வந்த இடத்தில் பறவை அதைத் தன் செடியாக்கிக்கொண்டது. மனிதர் விதைக்காத இடத்தில் எல்லாம் அது முளைப்பதும், காட்டு மூதாதையின் நான்கு குணங்களையும் இன்றுவரை இழக்காமல் இருப்பதும் அதனால்தான். பழுத்த காய் எளிதில் கழன்று வருவதற்கான மரபணுவை இஸ்ரேலின் வோல்கானி ஆய்வு மையத்தைச் சேர்ந்த இலான் பாரனும் அவருடன் பணியாற்றிய ராவும் 2003இல் அடையாளம் கண்டார்கள். அதற்கு அவர்கள் குடைமிளகாயோடு கலந்த செடி காந்தாரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டு மிளகாய். பழத்தின் செல்சுவரைக் கரைக்கும் பாலிகேலக்டுரோனேஸ் என்ற நொதியே அங்கே வேலை செய்கிறது. சதை குழைவதும் காம்பு விடுவதும் அந்த ஒரே நொதியின் செயல்.

மனிதர் கை பட்டதும் இந்த நான்கு குணங்களில் மூன்று தலைகீழாயின. கேப்சிகம் ஆனுவத்தை முதலில் வீட்டுச் செடியாக்கியது மத்திய கிழக்கு மெக்சிகோவில், ஏறத்தாழ 6,500 ஆண்டுகளுக்கு முன் என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு தொல்லியல், சூழலியல், மரபியல், பழைய மொழிச் சான்றுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறது. அங்குள்ள மக்களுக்குப் பறவைக்குத் தெரியும் காய் வேண்டாம். இலைக்குள் ஒளிந்து தொங்கும் காய் வேண்டும், பெரிதாக வேண்டும், பழுத்த பின்னும் செடியிலேயே நிற்க வேண்டும். காய் கனமானால் காம்பு வளைந்துதான் ஆக வேண்டும் என்பதால் பருமனும் தொங்கலும் சேர்ந்தே வந்திருக்கலாம். எந்தச் செடியிலிருந்து விதை எடுத்து வைப்பது என்ற முடிவை, மண்பானைக்குள் விதை போட்டு வைத்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். உலகின் பல மூலைகளில் விதை காப்பது இன்றும் அவர்கள் வேலைதான்.

1493இல் கொலம்பஸ் ஸ்பெயினுக்குத் திரும்பிய கப்பலோடு மிளகாயின் கடல் பயணம் தொடங்கியது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது கறுப்பு மிளகுக்காக. அவருக்குப் பின்னால் வந்த போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் பிரேசில் வழியாக மிளகாயையும் கொண்டுவந்து சேர்த்தன. நூறு ஆண்டுக்குள் அது மேற்குக் கரையில் வேர் பிடித்துவிட்டது. டச்சு ஆளுநர் வான் ரீட் கொச்சியிலிருந்து தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் நூலிலும் மிளகாய் மலபாரின் செடிகளில் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. வந்த விதை பலவகையாக இருந்திருக்கும். ஆனால் இன்று நம்மிடம் இருக்கும் உருவங்களை அந்தக் கப்பல்கள் அப்படியே கொண்டுவந்து இறக்கிவிடவில்லை. ஒவ்வொரு ஊரும் தன் சமையலுக்கும் வெயிலுக்கும் ஏற்றதைப் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கிக்கொண்டவை அவை.

பாலக்காட்டுக் கொண்டாட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். பச்சை மிளகாயைக் கீறி அல்லது ஊசியால் குத்தி, உப்புப் போட்ட தயிரில் இரவெல்லாம் ஊற வைக்கிறார்கள். பகலில் வெயிலில் பரப்பி, மாலையில் மறுபடி அதே தயிரில் போடுகிறார்கள். தயிர் முழுக்கக் காய்க்குள் ஏறி வற்றும்வரை இது நடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏற்பட்ட பெரிய இடைவெளி வழியாகக் கிழக்கின் காய்ந்த காற்று நுழையும் ஊர் அது. கோடையில் கேரளத்தின் மற்ற இடங்களைவிடச் சூடு அதிகம். கொண்டாட்டத்துக்கு அந்த வெயில் பாதி என்றால் மிளகாயின் உருவம் மீதிப் பாதி. ஊசி மிளகாயில் தயிர் தங்க இடமில்லை, காரமும் மிஞ்சிவிடும். குடைமிளகாய் வெயிலில் காயும் முன் அழுகத் தொடங்கும். தோள் பருத்து, உள்ளே கூடு இருந்து, காரம் அடங்கிய காய்தான் பொருந்தும். பாலக்காட்டை ஒட்டிய மலப்புரம் மாவட்டத்தில், வளாஞ்சேரிக்குப் பக்கத்து எடையூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விளையும் எடையூர் மிளகாய் அப்படிப்பட்டது. காரம் குறைந்த அந்த மிளகாய்க்குக் கொண்டாட்டத்துக்காகவே பெயர். 2021இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கிழக்கே இராமநாதபுரத்தின் கதை இன்னொரு வகை. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரத்துக் கரிசல் மண்ணில் வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி விளையும் முண்டு மிளகாய் ஏறக்குறைய முழு உருண்டை. உலர்ந்த காயைக் காதருகே வைத்து ஆட்டினால் விதை கலகலக்கும். எண்ணெயில் போட்டால் முழுதாக உப்பி நிற்கும், உடைந்து விதை சிதறாது. நம் தாளிப்புக் கரண்டிக்காகவே செய்தது போன்ற உருவம். 2023இல் அதற்கும் புவிசார் குறியீடு வந்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் வாங்குபவர் எதிர்பார்ப்பது உருண்டையைத்தான். நீண்டு விளைந்தால் அது முண்டு ஆகாது.

இவ்வளவும் மனிதர் பொறுக்கியது. பொறுக்குவதற்கு முதலில் வேறுபாடு இருக்க வேண்டும் அல்லவா? ஒரு செடியில் காய் உருண்டையாகவும் பக்கத்துச் செடியில் நீளமாகவும் வருவதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை.

முதல் துப்பு தக்காளியிலிருந்து வந்தது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி நான்கும் ஒரே குடும்பம், நான்குக்கும் அடிப்படைக் குரோமோசோம் எண்ணிக்கை 12. 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் டாங்க்ஸ்லி குழுவினர், உருண்டைத் தக்காளியைப் பேரிக்காய் வடிவத்துக்கு மாற்றும் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். ஓவேட் என்று அதற்குப் பெயர். பேரிக்காய்த் தக்காளியில் அந்த மரபணுவின் ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றம் நடுவழியில் முற்றுப்புள்ளி ஆகிவிட, புரதம் பாதியில் நின்றுபோயிருந்தது. எனவே ஓவேட் புரதத்தின் வேலை நீளத்துக்குத் தடை போடுவது. தடை உடைந்தால் காய் நீள்கிறது.

பிறகு தேடிப் பார்த்ததில் ஓவேட் தனி ஆள் இல்லை என்று தெரிந்தது. நெல், கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ், தக்காளி என்று பார்த்த செடி ஒவ்வொன்றிலும் அதைப் போன்ற மரபணுக்கள் ஒரு கூட்டமாக இருந்தன. அராபிடாப்சிஸில் 18, தக்காளியில் இருபதுக்கு மேல். இப்படி ஒரே மூதாதை மரபணு பல தடவை நகலாகி, நகல்கள் ஒவ்வொன்றும் சற்றுச் சற்று மாறி, வேலையைப் பங்கிட்டுக்கொள்வதைத்தான் மரபணுக் குடும்பம் என்கிறார்கள். ஒன்று இலையில் இயங்கும், ஒன்று பூவில். ஒன்று கெட்டாலும் மற்றவை செடியை நிற்க வைக்கும். மிளகாயில் இத்தனை உருவங்கள் செடி சாகாமல் பிறக்க முடிந்ததற்கு இந்தப் பங்கீடு ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். ஒரே ஒரு மரபணுவிடம் வளர்ச்சி முழுவதும் இருந்திருந்தால், அது கெட்ட செடியைப் பார்க்கவே நமக்கு வாய்த்திருக்காது.

மிளகாயில் நேரடியாக நடந்த சோதனை கிரேக்கத்திலிருந்து வந்தது. 2011இல் தெசலோனிகி ஆய்வாளர்கள் இரண்டு நாட்டு மிளகாய்களை எடுத்தார்கள். ஒன்று மித்திலினி ரவுண்ட், உருண்டை. மற்றது பிப்பெராக்கி லாங், நீளம். உருண்டை மிளகாயின் பூவில் ஓவேட் மரபணு அதிகமாக இயங்கியது. அதை அடக்கிப் பார்க்க ஒரு நல்ல உத்தியைப் பயன்படுத்தினார்கள். தீங்கு குறைந்த ஒரு வைரஸுக்குள் ஓவேட் மரபணுவின் ஒரு துண்டைப் பொதிந்து செடிக்குள் விட்டார்கள். வைரஸை எதிர்க்கும் செடி, அது சுமந்து வந்த துண்டைப் போலிருக்கும் தன் சொந்த மரபணுவின் செய்தியையும் சேர்த்து அழித்துவிடும். அப்படி ஓவேட் அடங்கிய உருண்டை மிளகாய்ச் செடியில் காய்கள் நீண்டு வந்தன. ஜிப்பெரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் செய்யும் ஒரு மரபணுவின் அளவும் அதோடு மாறியது.

இந்தக் கடைசிச் செய்தி சிறியதாகத் தெரிந்தாலும் எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. தண்டு நீள்வதும் செடி உயர்வதும் ஜிப்பெரலினால்தான். அராபிடாப்சிஸில் ஓவேட் குடும்பத்து முதல் உறுப்பினரை அளவுக்கு மீறி இயக்கினால் தரைக்கு மேலுள்ள உறுப்புகள் அனைத்தும் குட்டையாகிவிடுகின்றன. அதுவும் இதே ஹார்மோன் வழியில்தான். ஆக, காயின் உருவமும் செடியின் உயரமும் ஒரே குடும்பத்தின் பிடிக்குள் இருக்கின்றன. மிளகாய்ச் செடியில் காயை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் விடுவது விதை ஆய்வாளருக்கு ஏன் அவ்வளவு கடினம் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

புரதம் எப்படி நீளத்தைத் தடுக்கிறது? காயின் உருவம் காயில் தீர்மானமாவதில்லை. பூ விரியும் முன்பே, அரும்புக்குள் சூலகம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும்போதே, அதன் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. செல் ஒன்று இரண்டாகப் பிரியும்போது நடுவில் எழும் சுவர் குறுக்கே நின்றால் செல்கள் மேலும் கீழுமாக அடுக்கும், நெடுக்கே நின்றால் பக்கவாட்டில் விரியும். அதே எண்ணிக்கைச் செங்கல்லைக் கொண்டு கொத்தனார் தூணும் கட்டலாம், திண்ணையும் கட்டலாம். சுவரின் திசையைக் காட்டுவது செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்கள். டிஆர்எம் என்ற இன்னொரு புரதக் குடும்பம் அந்த நுண்குழல்களோடு ஒட்டி நின்று நீளத்தின் பக்கம் இழுக்கிறது. ஓவேட் குடும்பத்துப் புரதங்கள் டிஆர்எம் புரதத்தைப் பிடித்து நுண்குழலிலிருந்து விலக்குகின்றன. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் எஸ்தர் வான் டெர் க்னாப் குழு 2018இல் தக்காளியில் இதைக் காட்டியது. உருளைக்கிழங்கின் உருண்டைக்கும் முலாம்பழத்தின் வடிவத்துக்கும் இதே ஏற்பாட்டின் உறுப்பினர்களே காரணம் என்றும் அவர்கள் சொன்னார்கள். நெல்மணி சன்னமாக இருப்பதிலும் டிஆர்எம் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. கிச்சடிச் சம்பாவின் சன்னத்தையும் சம்பா மிளகாயின் நீளத்தையும் ஒரே வகைப் புரதங்கள் தீர்மானிக்கக்கூடும் என்று நினைக்கும்போது வியப்பாக இருக்கிறது.

இந்தத் தேடலில் இந்தியாவுக்கும் ஓர் இடம் இருக்கிறது. 2001இல் இலான் பாரனின் குழு, மாவோர் என்ற குடைமிளகாயையும் பெரன்னியல் என்ற சிறுகாய் மிளகாயையும் கலந்து, பின்வந்த தலைமுறைச் செடிகளின் காய்களை அளந்தது. பெரன்னியல் இந்தியாவிலிருந்து போன மிளகாய். வைரஸ் நோய்களைத் தாங்கும் குணத்துக்காக உலகின் பல ஆய்வகங்கள் அதை நாடுகின்றன. காயின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தில் பாதிக்கு மேற்பட்ட வேறுபாடு மூன்றாம் குரோமோசோமின் ஒரே இடத்திலிருந்து வருவதை அந்தக் கலப்பு காட்டியது. பல நூறு மரபணு சேர்ந்து மெல்ல மெல்ல மாற்றும் குணம் என்று எண்ணியிருந்த ஒன்றில், ஓரிடத்துக்கு இவ்வளவு செல்வாக்கு! அதே குழு 2022இல் பத்தாம் குரோமோசோமில் ஓவேட் குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரை, 20ஆம் எண் கொண்ட மரபணுவை, பிடித்தது. அதை அடக்கினாலும் காய் நீள்கிறது. இவற்றுக்கிடையில் 2014இல் தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகம் மிளகாயின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து முடித்திருந்தது. 350 கோடி எழுத்துகள், ஏறத்தாழ 35,000 மரபணுக்கள். தக்காளியைவிட நான்கு மடங்கு நீளமான தொகுதி, ஆனால் மரபணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அவ்வளவேதான். மிச்சம் பெரும்பாலும் தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகிய துண்டுகள்.

குடைமிளகாயின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். நீளம் குறைந்து அகலம் கூடியதோடு, உள்ளறைகளும் இரண்டிலிருந்து மூன்று, நான்காகப் பெருகியதால் வந்த உருவம் அது. அறைகளின் எண்ணிக்கை மொட்டின் நுனியில் இருக்கும் வளர்திசு எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது, அதை ஆள்வது வேறு மரபணுக்கள்.

கேரளத்தில் இந்த உருவ விஷயம் நோயோடு பின்னிக்கொண்டது. அங்குள்ள மண் அமிலத்தன்மை மிகுந்தது, மழையும் அதிகம். பாக்டீரியா வாடல் நோய் ஒரே வாரத்தில் பச்சைச் செடியை நின்ற நிலையில் வாட்டிவிடும். திருச்சூர் வெள்ளானிக்கரையில் இருக்கும் கேரள வேளாண் பல்கலைக்கழகம் அந்நோயைத் தாங்கும் உஜ்வலா என்ற ரகத்தைத் தந்தது. அதன் காய்கள் கொத்துக் கொத்தாக, காந்தாரியைப் போலவே நிமிர்ந்து நிற்கும், காரமும் கடுமை. பச்சைமிளகாயாகத் தொங்கும் நீளக் காய் கேட்ட வீடுகளுக்கு அது போதவில்லை. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ஜ்வாலாவோடு உஜ்வலாவைக் கலந்து, மறுபடி மறுபடி தேர்ந்து, நோய் தாங்கும் குணத்தை வைத்துக்கொண்டு காரத்தைக் குறைத்த அனுகிரகாவை அங்கேயே உருவாக்கினார்கள். நோயைத் தாங்கும் மரபணுவைப் பிடித்துக்கொண்டு வேண்டாத குணத்தைக் கழற்றிவிட எத்தனை தலைமுறைச் செடிகளைக் காய்க்க விட்டுப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்! வயலில் குனிந்து காய் காயாகப் பார்த்த அந்த உழைப்பை ஆய்வுக் கட்டுரைகள் ஒரே வரியில் கடந்துபோகின்றன.

உருவம் பிறந்த கதை இதுவென்றால், அது கலைவதும் இதே வழியில்தான். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது. ஆனால் தேனீயும் மற்றப் பூச்சிகளும் பக்கத்துப் பாத்தியின் மகரந்தத்தையும் தாராளமாகக் கொண்டுவந்து சேர்க்கின்றன. எடையூர் மிளகாய்க்குப் பக்கத்தில் கலப்பின நீள மிளகாய் பூத்தால் கலப்பு நடந்தே தீரும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காயின் தோலும் சதையும் தாய்ச்செடியின் உடம்பு. உள்ளே இருக்கும் விதைக்கு மட்டுமே வெளி மகரந்தத்தின் பங்கு உண்டு. எனவே விதைக்காகப் பொறுக்கிய காய் அச்சு அசல் எடையூராகவே தெரியும். அந்த விதை முளைத்து, வளர்ந்து, அடுத்த பருவத்தில் காய்த்த பிறகே உருவம் மாறியது தெரியும். அதற்குள் அதன் மகரந்தமும் வயல் முழுக்கப் பரவியிருக்கும். காயின் உருவத்தை மட்டும் பார்த்து விதை எடுப்பது போதாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இந்திய விதைச் சான்றளிப்பு விதிகள் மிளகாய் விதை வயலுக்கு அடுத்த ரகத்திலிருந்து 200 மீட்டர் இடைவெளி கேட்கின்றன, ஆதார விதைக்கு 400 மீட்டர். மலப்புரத்திலும் பாலக்காட்டிலும் பத்து சென்ட், இருபது சென்ட் நிலம் வைத்திருப்பவரால் அது முடியாது. முண்டு விளையும் கரிசல் காட்டில் கொஞ்சம் முடியும். வீட்டுத் தோட்டத்துக்கு எளிய வழி இருக்கிறது. நல்ல செடிகளில் ஒரு கிளையை, பூ விரியும் முன்பே, மெல்லிய நைலான் வலைப்பையால் மூடிவிட வேண்டும். லேசாகத் தட்டினால் உள்ளேயே மகரந்தம் விழுந்து காய்க்கும். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் ஒரு நூலைக் கட்டி வைத்தால் எது விதைக்காய் என்பது மறக்காது. ஒரே செடியிலிருந்து எடுக்காமல் பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து வைப்பது நல்லது. நோய் தாங்கும் குணம் எந்தச் செடியில் மறைந்திருக்கிறது என்பதை உருவம் சொல்லாது.

ஆய்வகங்கள் இதற்கு மேலும் செய்ய முடியும். ஓவேட் குடும்பத்தின் எந்த உறுப்பினர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நாற்றின் இலைத் துணுக்கிலிருந்தே இப்போது படிக்கலாம். காய்க்கும்வரை காத்திருக்க வேண்டாம், கலந்த நாற்றை நாற்றங்காலிலேயே பிடுங்கிவிடலாம். பெரிய விதை நிறுவனங்கள் இத்தகைய சோதனைகளைத் தங்கள் கலப்பினங்களுக்காகச் செய்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற எடையூருக்கும் முண்டுவுக்கும் அதே சோதனையை, விதை காக்கும் விவசாயிகளின் நாற்றங்காலுக்கே கொண்டுபோய், கட்டணமில்லாமல், வெள்ளானிக்கரையும் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் செய்து தர வேண்டும்.